முதல் ட்ரிப்புக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஃபைனல் இயர் வந்ததும் காலேஜ் பார்க்கிங்ல ஒரு மாற்றம் தெரியும். பிளேஸ்மென்ட் ஆஃபர் வாங்கினவங்க, ஸ்டைபெண்டைச் சேர்த்து வெச்சவங்க, வீட்டுல கெஞ்சிக் கூத்தாடி சம்மதம் வாங்கினவங்கன்னு ஒவ்வொருத்தரா பழைய டூரிங் பைக்கோட வந்து இறங்குவாங்க. தண்டர்பேர்ட் 350, முதல்ல வந்த ஹிமாலயன், டோமினார், அபூர்வமா ஒரு கரிஸ்மா. புதுசு வாங்க நம்மகிட்ட காசு இல்ல, பழசு கைக்கு அடங்குற விலையில கிடைக்குது. இதுல தப்பே இல்ல. எல்லாமே நல்ல வண்டிங்கதான்.

என் பிரச்சனை அடுத்த வாரம் நடக்குறதுல இருக்கு. வாட்டர் வாஷ் பண்ணுவாங்க. சைலன்சர் மாத்துவாங்க. டாப் பாக்ஸ், ரெண்டு ஃபாக் லைட், டேங்க் மேல மலை போட்ட ஒரு ஸ்டிக்கர். சனிக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு கொல்லிமலை கிளம்பிடுவாங்க, பின்னாடி ஒரு ஃப்ரெண்டோட. "பிரேக் ஆயில் எப்போடா மாத்தினது?"ன்னு கேட்டா, "மச்சி, ஃபுல் சர்வீஸ் விட்டாச்சு"ன்னு பதில் வரும்.

நான் சொல்ல வர்றது இதுதான். பழைய டூரிங் பைக் வாங்கினா, முதல் ட்ரிப்புக்கு முன்னாடி ஒரு முழு நாளை ஒதுக்கி, வண்டியை நிறுத்துற பாகங்களையும் நேரா ஓட வைக்கிற பாகங்களையும் நம்ம கண்ணால, நம்ம கையால பாத்தே ஆகணும். ஃபுல் சர்வீஸ் இதுக்கு பதில் ஆகாது. கையில இருக்குற முதல் காசும் அங்கதான் போகணும், சைலன்சருக்கு இல்ல.

கிலோமீட்டர் மட்டும் பாத்தா போதுமா?

செகண்ட் ஹேண்ட் வண்டி பாக்கப் போனா நாம கேக்குற முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" 2014 மாடல், 18,000 கிலோமீட்டர்னு சொன்னா நமக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இத்தனை வருஷத்துல 18,000 தான் ஓடியிருக்குன்னா, அந்த வண்டி பெரும்பாலான நாள் சும்மா நின்னிருக்கு. நின்ன வண்டி கெடாதுன்னு நாம நினைக்கிறோம். என்ஜின் உள்பாகங்களுக்கு ஓரளவுக்கு அது பொருந்தலாம். ரப்பருக்கும் திரவங்களுக்கும் பொருந்தவே பொருந்தாது. டயர், பிரேக் ஹோஸ், ஃபோர்க் ஆயில் சீல், பெட்ரோல் ட்யூப், பிரேக் ஆயில் இதெல்லாம் ஓடோமீட்டரைப் பாத்து வயசாகறதில்ல, காலண்டரைப் பாத்து வயசாகுது. வெயில்ல நின்ன டயர் ஒரு கிலோமீட்டர் ஓடாமலே இறுகி, பக்கவாட்டுல வெடிப்பு விடும்.

இன்னொரு வகை விளம்பரமும் இருக்கு. "லடாக் போயிட்டு வந்த வண்டி ப்ரோ." இதைக் கேட்டதும் நமக்கு வண்டி மேல மரியாதை வந்துடுது. மெக்கானிக்கலா பாத்தா, அந்த வண்டியோட சக்கரத்து பேரிங்கும், ஸ்போக்கும், கோன்செட்டும் பல ஆயிரம் பள்ளத்துல அடி வாங்கியிருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். லடாக் ஸ்டிக்கர் ஒட்டின வண்டியை வாங்கவேண்டாம்னு சொல்லல, அதையெல்லாம் ஒரு தடவை கூடுதலா பாருங்கன்னு சொல்றேன்.

ஃபுல் சர்வீஸ்ல என்ன பண்றாங்க?

வழக்கமா ஆயில் மாத்துவாங்க, ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுவாங்க, பிளக் சுத்தம் பண்ணுவாங்க, செயினை இறுக்கி ஆயில் விடுவாங்க, பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணி, கழுவிக் கொடுப்பாங்க. ஓடிக்கிட்டு இருக்குற, ஒரே ஆள் வெச்சிருக்குற, வரலாறு தெரிஞ்ச வண்டிக்கு இது போதும். நம்ம கைக்கு நேத்து வந்த வண்டியோட வரலாறு நமக்கும் தெரியாது, மெக்கானிக் அண்ணாவுக்கும் தெரியாது. "எல்லாத்தையும் பாத்துடுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு வந்தா அவர் எதைப் பாப்பாரு? ஒரு நாளைக்கு பத்து வண்டி பாக்குறவர், நாம சொன்ன கம்ப்ளைன்ட்டைத்தான் பாப்பாரு. நாம சொல்லாததை அவர் பிரிச்சுப் பாக்கணும்னு எதிர்பாக்கறது நியாயமே இல்ல.

அதனாலதான் இப்படிப் பிரிச்சுக்கச் சொல்றேன்: பாக்கறது நம்ம வேலை, பிரிக்கறது அவர் வேலை. "முன்னாடி டயர் 2016 டேட், கோன்செட் நடுவுல மாட்டுது, பிரேக் ஆயில் கறுத்துப்போச்சு"ன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போனா, அதே மெக்கானிக் அண்ணா வேற மாதிரி வேலை பாப்பாரு.

இறக்கத்துல ஒரு கணக்கு

ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸை வெச்சே ஒரு கணக்கு போடுவோம். தண்டர்பேர்ட் மாதிரி வண்டி 190 கிலோவுக்கு மேல. ரெண்டு பேர், ரெண்டு பை சேர்த்தா மொத்தம் 350 கிலோன்னு வெச்சுக்குவோம். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. மேல இருந்து அடிவாரத்துக்கு 1000 மீட்டர் இறக்கம்னு எடுத்துக்கிட்டா, எம்ஜிஎச் கணக்குப்படி கிட்டத்தட்ட 34 லட்சம் ஜூல். 10 லிட்டர் தண்ணியை 20 டிகிரியில இருந்து கொதிக்க வைக்கிற அளவு சக்தி அது.

இதுல ஒரு பங்கை காத்தும், கியர்ல இருந்தா என்ஜினும் எடுத்துக்கும். மீதி எல்லாம் பிரேக் டிஸ்க்லயும் பேட்லயும் சூடாத்தான் மாறணும். பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல இறக்குற புத்திசாலிங்களுக்கு என்ஜின் எடுக்குற பங்கும் இல்ல, மொத்தமும் பிரேக் தலையிலதான்.

அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 4 பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தரக்கட்டுப்பாடு. அது காத்துல இருக்குற ஈரத்தை மெதுவா உறிஞ்சுற திரவம். 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்த நிலையில அந்தக் கொதிநிலைக்கு இருக்குற குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான். கொதிச்சா உள்ள ஆவிக் குமிழ் வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். லீவரைப் பிடிச்சா ஹேண்டில் வரைக்கும் வரும், பிரேக் மட்டும் பிடிக்காது. காலையில காலேஜ் வாசல்ல பிரமாதமா பிடிச்ச அதே பிரேக், நாப்பதாவது வளைவுல காணாமப் போறதுக்குக் காரணம் இதுவா இருக்கலாம். ஊருக்குள்ள ஓட்டிப் பாத்து "பிரேக் ஓகே"ன்னு சொல்றது அதனாலதான் செல்லாது.

என்னென்ன பாக்கணும்?

நம்ம பார்க்கிங்ல அடிக்கடி பாக்குறது 2012க்கு அப்புறம் வந்த தண்டர்பேர்ட் 350. அதையே உதாரணமா எடுத்துக்குறேன். மத்த வண்டிக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான். சென்டர் ஸ்டாண்டு, டார்ச், ஒரு ஸ்பேனர் செட், ஒரு மல்டிமீட்டர், துணையா ஒரு ஆள் இருந்தா போதும். அந்த வண்டியோட ஓனர்ஸ் மேனுவலையும் பக்கத்துல வெச்சுக்கங்க.

டயர். பக்கவாட்டுல ஒரு சின்ன கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2318னு இருந்தா 2018ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் எவ்வளவு இருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. அஞ்சு வருஷம் தாண்டின டயரை நான் சந்தேகத்தோடதான் பாப்பேன். வெடிப்பு தெரிஞ்சா பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் மாத்தணும். ஸ்போக் சக்கரம் வர்ற தண்டர்பேர்ட்ல உள்ள ட்யூப் இருக்கு. பஞ்சரானா சீக்கிரமே காத்து இறங்கி வண்டி ஆட ஆரம்பிச்சிடும். அதனால டயர் மாத்தும்போது ட்யூபையும் சேர்த்து மாத்திடுங்க. இன்னொண்ணு: 125 சிசிக்கு மேல இருக்குற எல்லா புது வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரல்லதான். அதுக்கு முந்தின தண்டர்பேர்ட் பெரும்பாலானதுல ஏபிஎஸ் கிடையாது. மழையில இறுகிப்போன டயரோட பிரேக் அடிச்சா, சக்கரம் லாக் ஆகாம காப்பாத்த வண்டியில எதுவும் இல்ல.

பிரேக். ஆயில் தேன் கலர்ல இருக்கணும். டிகாஷன் கலர்ல இருந்தா மேல ஊத்தி நிரப்பாதீங்க, மொத்தத்தையும் மாத்தச் சொல்லுங்க. எப்போ மாத்தினதுன்னு தெரியலன்னா கலரைப் பாக்கவே வேண்டாம், மாத்திடுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டிய பொருள் அது. லீவரை இறுக்கிப் பிடிச்சு அரை நிமிஷம் அப்படியே வெச்சிருங்க. மெதுவா உள்ள இறங்கிக்கிட்டே போனா மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கலாம். ஹோஸை வளைச்சுப் பாருங்க, வெடிப்பு இருக்கக் கூடாது. பேட் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. டிஸ்க்ல குறைந்தபட்ச தடிமன் பொறிச்சிருந்தா வெர்னியர் வெச்சு அளந்து பாருங்க. வெர்னியர் பிடிக்கத் தெரிஞ்ச நாமளே அளக்கலன்னா வேற யார் அளக்கப் போறாங்க?

கோன்செட், பேரிங். முன் சக்கரம் தரையில படாத மாதிரி சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னாடி ஒருத்தர் அழுத்திப் பிடிச்சுக்கட்டும். ஹேண்டில்பாரை ரெண்டு விரலால மெதுவா திருப்புங்க. நேரா வர்ற இடத்துல 'டக்'னு ஒரு பள்ளத்துல விழுற மாதிரி இருந்தா கோன்செட் போச்சு. ஃபோர்க்கோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு பக்கவாட்டுல அசைச்சா பேரிங் தெரியும். பின்னாடி ஸ்விங் ஆர்மையும் அதே மாதிரி பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க, அங்க புஷ் தேஞ்சிருந்தா வண்டி வளைவுல மீன் மாதிரி நெளியும். இதெல்லாம் ஊருக்குள்ள நாப்பதுல போகும்போது தெரியாது. பைபாஸ்ல எண்பதுல, ஒரு பஸ் பக்கத்துல கடந்து போகும்போது தெரியும்.

ஸ்போக், நட்டு போல்ட்டு. ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால லேசா தட்டுங்க. நல்லா இருக்குறது 'டிங்'னு கேக்கும், லூசா இருக்குறது மந்தமா கேக்கும். பெரிய சிங்கிள் சிலிண்டர் வண்டியோட அதிர்வு எந்த போல்ட்டையும் சும்மா விடாது. ஆக்ஸில் நட்டு, காலிபர் போல்ட்டு, என்ஜின் மவுண்ட்டிங், ஹேண்டில் கிளாம்ப் எல்லாத்தையும் ஒரு தடவை செக் பண்ணுங்க.

ஃபோர்க். மேல இருக்குற பளபள குழாயில எண்ணெய் வளையம் தெரிஞ்சா ஆயில் சீல் கசியுது. நிறைய பேர் இதைத் துடைச்சிட்டு ஓட்டுவாங்க. கசியுற ஆயில் கீழ இறங்கி டிஸ்க்லயோ பேட்லயோ பட்டா பிரேக்குக்கும் சேர்த்து செலவு.

செயின். பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசிப் பக்கத்துல செயினைப் பிடிச்சு இழுங்க. பல்லை விட்டு நல்லா விலகி வந்தா செயின் நீண்டுபோச்சு. பல்லு சுறா துடுப்பு மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிருந்தா ஸ்ப்ராக்கெட்டும் போச்சு. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினும் செட்டாத்தான் மாத்தணும். பழைய பல்லுல புது செயின் போட்டா புதுசையும் அது தின்னுடும்.

கேபிள். ஆக்ஸிலரேட்டரைத் திருகி விட்டா சட்டுனு திரும்பி வரணும், ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வெச்சும் பாருங்க. கிளட்ச் கேபிள்ல லீவர் பக்கம் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாத்துங்க. பழசு நல்லா இருந்தா ஸ்பேரா பையில போட்டுக்கலாம்.

கரண்ட். என்ஜின் ஆஃப்ல, சில மணி நேரம் நின்ன அப்புறம் பேட்டரி 12.6 வோல்ட் பக்கத்துல காட்டணும். ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் பண்ணினா பதினாலு பக்கம் ஏறணும். ஏறலன்னா சார்ஜிங்ல பிரச்சனை, இருட்டுல ஒரு மலைப்பாதையில ஹெட்லைட்டோட சேர்ந்து வண்டியும் அணையும். முந்தின ஓனர் போட்ட ஃபாக் லைட் ஒயரை எங்கே ஜாயின்ட் பண்ணியிருக்காருன்னு தேடுங்க. ஃபியூஸ் இல்லாம, இன்சுலேஷன் டேப் சுத்தி, டேங்க் அடியில ஒரு முடிச்சு இருந்தா, அதை முதல்ல கழட்டச் சொல்லுங்க.

பெட்ரோல் லைன். இப்போ பங்க்ல போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பத்து வருஷத்துக்கு முந்தின வண்டியோட ரப்பர் பாகங்களை இதை மனசுல வெச்சு செய்யல. டேங்க்ல இருந்து என்ஜின் வரைக்கும் போற ட்யூப் இறுகியிருந்தாலோ உப்பியிருந்தாலோ மாத்துங்க, பெரிய செலவு இல்ல. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு உள்ள துரு இருக்கான்னும் பாருங்க.

என்ஜினை ஏன் கடைசியில சொல்றேன்னா, நாம எல்லாரும் ஏற்கெனவே அதைத்தான் முதல்ல பாக்குறோம். 15டபிள்யூ50 ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க, கசிவு பாருங்க, ரெண்டு பிளக்கையும் கழட்டிப் பாருங்க. இந்த என்ஜின்ல டேப்பெட் ஹைட்ராலிக், அதனால "டேப்பெட் செட் பண்ணணும்"னு யாராவது காசு கேட்டா ஏன்னு கேளுங்க. அதுவே பழைய ஹிமாலயன்ல டேப்பெட் கேப் நிஜமாவே பாக்க வேண்டிய விஷயம். எப்படியும், என்ஜின் கெட்டா ரோட்டோரம் நிப்போம். பிரேக் கெட்டா நிக்கவே முடியாது.

காசு எங்கடா இருக்கு?

நியாயமான கேள்வி. வண்டி வாங்கவே கடன் வாங்கினவன்கிட்ட டயர் மாத்து, செயின் செட் மாத்துன்னா எரிச்சல்தான் வரும். என் பதில், வாங்குறதுக்கு முன்னாடியே கணக்கு போடுங்க. கையில ஒரு லட்சம் இருந்தா எண்பதாயிரம் ரூபாய் வண்டியைத் தேடுங்க. அந்த இருபதாயிரத்தைத் தொடாம வைங்க. முடிஞ்சா இந்த செக்கிங்கை விலை பேசுறதுக்கு முன்னாடியே பண்ணுங்க. "டயர் ரெண்டும் பழசு, கோன்செட் மாத்தணும்"னு பேரிங் ஆட்டத்தைக் காட்டிப் பேசினா விலையும் இறங்கும். அப்படியும் காசு பத்தலன்னா வரிசை முக்கியம்: முதல்ல பிரேக் ஆயிலும் பேடும், அடுத்து டயர், அப்புறம் கோன்செட், பேரிங், செயின். டாப் பாக்ஸ் அடுத்த வருஷம் வாங்கலாம். அதுவரைக்கும் பையைக் கயிறு போட்டுக் கட்டினா ஒண்ணும் கேவலம் இல்ல.

"இவ்ளோ பாத்தா வண்டியே ஓட்ட முடியாது, எங்க அப்பா காலத்துல இதெல்லாம் பாத்தாங்களா?"ன்னும் சிலர் கேப்பாங்க. பாத்தாங்க. வண்டியைத் தானே துடைச்சு, தானே செயின் இறுக்கி, எந்தச் சத்தம் புதுசுன்னு காதாலயே கண்டுபிடிச்ச ஆளுங்க அவங்க. பெரும்பாலும் ஒரே வண்டியைப் பல வருஷம் வெச்சிருந்ததால அதோட வரலாறு அவங்களுக்கு அத்துப்படி. நமக்கு அந்த வரலாறு இல்ல. அதைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில ஈடுகட்டப் பாக்குறோம்.

கடைசியா ஒரு விஷயம். ஓட்டுறவன் ரிஸ்க் எடுக்கறது அவன் இஷ்டம்னு ஒரு வாதம் உண்டு. தனியா ஓட்டினா கூட அது பாதிதான் சரி. பின்னாடி உக்காந்து வர்றவங்க டயர் டேட் பாக்கல, பிரேக் ஆயில் பாக்கல, வீட்டுல "ஃப்ரெண்டு வண்டியில போறேன்மா"ன்னு சொல்லிட்டு வந்திருக்காங்க. நாம பாத்திருப்போம்னு நம்பித்தான் ஏறுறாங்க. அதனால பில்லியன்ல ஏறப் போறவங்களுக்கும் சொல்றேன், கூச்சப்படாம கேளுங்க: "டயர் எந்த வருஷம்? பிரேக் ஆயில் எப்போ மாத்தின?" பதில் வரலன்னா ட்ரிப்பை ஒரு வாரம் தள்ளி வைங்க.

அந்த ஒரு வாரத்துல வர்ற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் ஹாஸ்டல் பின்னாடி நிழல்ல வண்டியை நிறுத்தி, இந்த லிஸ்ட்டை வரிசையா பாருங்க. முடிஞ்சதும் பேப்பரோட மெக்கானிக் அண்ணாகிட்ட போங்க. வேலை முடிஞ்சு வந்தா, ஆள் இல்லாத கிரவுண்ட்ல முப்பது, நாப்பது வேகத்துல பத்து தடவை பிரேக் பிடிச்சுப் பாருங்க. வண்டி ஒரு பக்கம் இழுக்காம, நேரா வந்து நின்னா, தாராளமா கொல்லிமலைக்குக் கிளம்புங்க. இறங்கும்போது மட்டும் கியர்லயே இறங்குங்க.